சிவப்புக் கோடும் கொழுப்புக் குமிழியும்

விட்டு விட்டு ஒரு காய்ச்சல். வாரம் போய் மாதமானாலும் தணியாது. சோறு இறங்காது, கை கால் வற்றும், வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போகும். இடது விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தால் கெட்டியாக ஏதோ தட்டுப்படும். அது வீங்கிய மண்ணீரல். நாள்பட நாள்படத் தோல் கறுக்கும். அதனாலேயே வட இந்தியாவில் இதற்குக் 'காலா அசார்' என்று பெயர் வந்தது. கறுப்பு நோய் என்று பொருள். தமிழில் கருங்காய்ச்சல் என்கிறோம். சிகிச்சை கிடைக்காவிட்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் இறந்துபோவார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நானோ மருத்துவத்தைப் பற்றி எழுத உட்கார்ந்து இந்த ஏழைகளின் நோயில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நானோ என்றதும் பலருக்கு ரத்தக் குழாய்க்குள் நீந்தும் குட்டி ரோபோ நினைவுக்கு வரும். பெருநகரத்துப் புற்றுநோய் மருத்துவமனையும் லட்சக்கணக்கில் பில்லும் நினைவுக்கு வரும். பீகாரின் மண்சுவர்க் குடிசைகளில் நடந்த கதை வேறு. அங்கே ஒரு நானோ பொருள் நோயைக் காட்டிக்கொடுத்தது. இன்னொரு நானோ பொருள் அதே நோயைத் தீர்த்தது. முதலாவது தங்கத் துகள். இரண்டாவது கொழுப்புக் குமிழி. இந்த இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், இந்தத் துறையின் சூட்சுமமே பிடிபட்டுவிடும்: உடம்புக்குள் ஒரு துகள் எங்கே போய்ச் சேரும் என்பதை அதன் அளவும் மேற்பரப்பும் தீர்மானிக்கின்றன. துகளைப் பொறுத்தவரை அளவும் மேற்பரப்பும்தான் முகவரி.

எவ்வளவு சிறிய அளவு? ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். ரத்தச் சிவப்பணுவின் அகலம் 7,000 முதல் 8,000. நாம் பேசப்போகும் கொழுப்புக் குமிழி 100 நானோமீட்டருக்கும் குறைவு. ஒரு சிவப்பணுவின் குறுக்கே இவற்றில் ஏறக்குறைய நூற்றை வரிசையாக நிறுத்திவிடலாம்.

சென்னையில் சிக்கிய ஒட்டுண்ணி

1903ஆம் ஆண்டு. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் சார்லஸ் டோனவன், நீண்ட காய்ச்சலில் இறந்தவர்களின் மண்ணீரலில் இருந்து எடுத்த சாற்றை நுண்ணோக்கியில் பார்த்தார். முட்டை வடிவத்தில் நுண்ணிய உருவங்கள் தெரிந்தன. அவை மலேரியாக் கிருமிகள் அல்ல. கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் இருந்து திரும்பி இங்கிலாந்தில் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் இதே உருவங்களைக் கண்டதாக ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன் அதே ஆண்டு எழுதியிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனவானி' என்று அந்த ஒட்டுண்ணிக்குப் பெயர் சூட்டினார் மலேரியா ஆய்வாளர் ரொனால்ட் ராஸ். உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருக்கும் அந்தப் பெயரின் பின்பாதி நம் சென்னை மருத்துவமனையில் இருந்து போனது.

இந்த ஒட்டுண்ணியைச் சுமந்து திரிவது மணல் ஈ. கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மண்சுவர் வெடிப்புகளிலும் மாட்டுக்கொட்டகையின் ஈர மண்ணிலும் வளரும். இரவில் பெண் ஈ கடிக்கும்போது ஒட்டுண்ணி உடம்புக்குள் இறங்குகிறது.

அது போய்த் தங்கும் இடம்தான் வியப்பானது. நம் உடம்பில் மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்கள் உண்டு. அந்நியமாக எது வந்தாலும் விழுங்கிச் செரித்துவிடுவது அவற்றின் வேலை. மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களில் அவை நிறைந்திருக்கின்றன. லீஷ்மேனியாவையும் அவை விழுங்கத்தான் செய்கின்றன. ஆனால் விழுங்கப்பட்ட ஒட்டுண்ணி செரிப்பதில்லை. செரிமானப் பைக்குள்ளேயே குடியேறிப் பெருகுகிறது. நெல் குதிருக்குள் எலி புகுந்த கதைதான். வெளியே நின்று தடியெடுத்து அடித்தால் குதிர்தான் உடையும். எலிக்கு ஒன்றும் ஆகாது. குதிருக்குள் என்ன போகிறதோ அதோடு சேர்ந்து போகும் விஷம்தான் எலியைக் கொல்லும். இந்த நெற்குதிர்க் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருவோம்.

ஊசிக்குப் பதில் ஒரு பட்டை

கருங்காய்ச்சலை உறுதி செய்ய மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பியிருந்த வழி, டோனவன் காலத்து வழியேதான். மண்ணீரலில் ஊசி குத்திச் சாறு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மண்ணீரல் ரத்தம் நிறைந்த பஞ்சு போன்ற உறுப்பு. குத்துவதில் பிசகினால் உள்ளே ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து. தேர்ந்த கை, நுண்ணோக்கி, அவசரத்துக்கு ஏற்ற ரத்தம் எல்லாம் கைவசம் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவற்றுக்கு எங்கே போவது? காய்ச்சலோடு ஊர் ஊராக அலைந்து, மலேரியாவுக்கும் டைபாய்டுக்கும் மருந்து சாப்பிட்டு, கடைசியில் நோய் இன்னதென்று தெரியும்போது பலர் எழுந்து நிற்க முடியாத நிலையில் இருந்தார்கள்.

1990களில் இந்த நிலை மாறியது. ஒட்டுண்ணியின் புரதம் ஒன்றில் 39 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. நோயாளியின் உடம்பு அந்தத் துண்டுக்கு எதிராக ஏராளமான எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அந்தத் துண்டை ஆய்வகத்தில் தயாரித்து 'ஆர்கே39' என்று பெயரிட்டார்கள். அதை வைத்து ஒரு காகிதப் பட்டை உருவானது. பீகார் நோயாளிகளிடம் அதைச் சோதித்த முடிவுகள் 1998இல் லான்செட் இதழில் வெளியாயின.

விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம், இரண்டு மூன்று சொட்டு கரைசல், பத்து நிமிடம். பட்டையில் ஒரு சிவப்புக் கோடு வந்தால் சோதனை சரியாக நடந்தது என்று அர்த்தம். இரண்டாவது கோடும் வந்தால் நோய்க்கான எதிர்ப்பொருள் இருக்கிறது என்று அர்த்தம். கொரோனா காலத்திலோ கர்ப்பப் பரிசோதனையிலோ இது போன்ற பட்டையை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது? சாயம் எதுவும் இல்லை. அது தங்கம்.

நகைக்கடைத் தங்கம் மஞ்சளாக மின்னும். அதே தங்கத்தை 20, 40 நானோமீட்டர் அளவுக்குத் துகளாக்கி நீரில் மிதக்கவிட்டால் மாதுளைச் சாறு போலச் சிவந்துவிடும். தங்கத்தில் தளையில்லாமல் அலையும் எலெக்ட்ரான்கள் உண்டு. துகள் இவ்வளவு சிறியதாகும்போது, ஒளி பட்டதும் அந்த எலெக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஊசலாடுகின்றன. அந்த ஊசலாட்டத்தின் வேகம் பச்சை ஒளியோடு ஒத்துப்போவதால் துகள் பச்சையை உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சிய ஒளி நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1857இலேயே இந்தச் செந்நீரைத் தயாரித்து, கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களே நிறத்துக்குக் காரணம் என்று விளக்கினார். அவர் தயாரித்த குப்பிகள் சில ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கின்றன. துகள் அடியில் படிந்துவிடாமல் ஒன்றரை நூற்றாண்டாக மிதக்கிறது.

படியாமல் மிதக்கும் இந்தக் குணம் பட்டைக்கு மிகவும் தேவை. காகிதத்தின் நுண்துளைகளில் அடைத்துக்கொள்ளாமல் தங்கத் துகள் ரத்தத்தோடு சேர்ந்து ஊர்ந்து போகிறது. துகளின் மேல் பூசியிருக்கும் புரதம், ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களைப் பற்றிக்கொள்கிறது. பட்டையின் ஓரிடத்தில் ஆர்கே39 கோடாகப் படிய வைக்கப்பட்டிருக்கும். லீஷ்மேனியாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் அந்த இடத்தைக் கடக்கும்போது சிக்கிக்கொள்கிறது. அதைப் பற்றிவந்த தங்கமும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு எதிர்ப்பொருளை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. கோடிக்கணக்கான எதிர்ப்பொருள்கள் ஆளுக்கொரு தங்கத் துகளோடு ஒரே கோட்டில் வந்து நின்றால், மின்சாரமே இல்லாத சுகாதார நிலையத்திலும் பகல் வெளிச்சத்தில் அது தெரியும்.

மருந்தே நஞ்சாக இருந்த காலம்

நோய் தெரிந்தால் போதுமா? மருந்து வேண்டுமே.

1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி ஆண்டிமனியில் இருந்து யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தை உருவாக்கி ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். ஆண்டிமனி ஊசிகள் பல பத்தாண்டுகளுக்கு உதவின. பிறகு ஒட்டுண்ணி அதற்குப் பழகிக்கொண்டது. 1990களில் வட பீகாரில் நோய் கடுமையாக இருந்த பகுதிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்த ஊசி பலிக்கவில்லை.

அடுத்து நம்பியிருந்த மருந்து ஆம்போடெரிசின்-பி. வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியில் இருந்து 1950களில் பிரித்தெடுக்கப்பட்ட பூஞ்சைக்கொல்லி அது. பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. லீஷ்மேனியாவின் சவ்விலும் அதே இனப் பொருள்தான். மருந்து அதைப் பிடித்துக்கொண்டு சவ்வைக் குலைக்க, உள்ளே இருக்கும் உப்புகள் கசிந்து ஒட்டுண்ணி சாகிறது. நம் செல் சவ்வில் இருப்பது கொலஸ்டிரால். பெயரைப் போலவே உருவத்திலும் அது எர்கோஸ்டெராலின் பங்காளி. அதனால் மருந்து நம் செல்களையும் விட்டுவைப்பதில்லை. மருந்து ஏற்றும்போதே குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும். சிறுநீரகம் பாதிக்கப்படும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள், 15 முறை ரத்தக் குழாய் வழியாக டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஏறக்குறைய 30 நாள் ஆஸ்பத்திரி வாசம்.

அன்றாடம் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டில் 30 நாள் என்பதை நினைத்துப் பாருங்கள். நோயாளியின் கூலி போகும். துணைக்கு வந்து உட்கார்ந்திருப்பவரின் கூலியும் போகும். மாடு விற்றும் வட்டிக்கு வாங்கியும் பிழைத்தவர்கள் உண்டு. பாதியில் எழுந்து வீட்டுக்குப் போனவர்களும் உண்டு.

விழுங்கக் காத்திருந்த செல்கள்

இங்கேதான் கொழுப்புக் குமிழி வருகிறது.

1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாம் ஆய்வகத்தில் அலெக் பாங்கம், செல் சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பை நீரில் கலந்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். இந்தக் கொழுப்பு மூலக்கூறின் தலைக்கு நீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. நீரில் போட்டால் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை நீர்ப்பக்கம் காட்டி, இரட்டைச் சுவராகச் சேர்ந்து தாமாகவே உருண்டை கட்டிக்கொள்கின்றன. இந்தக் குமிழிக்கு லிப்போசோம் என்று பெயர் வந்தது. உடம்புக்குப் பழக்கமான பொருளால் ஆன ஒரு பை. உள்ளே இருக்கும் நீரிலோ சுவரின் கொழுப்பிலோ மருந்தை வைத்து அனுப்பலாமே என்ற எண்ணம் விரைவிலேயே எழுந்தது.

ரத்தத்தில் செலுத்தியபோது ஒரு சிக்கல் தெரிந்தது. குமிழிகள் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் இருந்த மேக்ரோபேஜ்கள் அவற்றை அந்நியப் பொருள் என்று கருதி விழுங்கிவிட்டன. புற்றுநோய்க் கட்டிக்கு மருந்து அனுப்ப நினைத்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. விழுங்கு செல்களின் கண்ணில் படாமலிருக்க, குமிழியின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வழுவழுப்பான போர்வையைப் போர்த்தினார்கள். அப்படி உருவான டாக்சில் என்ற புற்றுநோய் மருந்துக்கு 1995இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

வேறு சிலர் இதே சிக்கலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். லீஷ்மேனியா குடியிருப்பது எங்கே? மேக்ரோபேஜுக்குள். லிப்போசோமை விழுங்குவது எது? அதே மேக்ரோபேஜ். குதிரின் சொந்தக்காரரே விஷத்தை அள்ளிக் குதிருக்குள் போட்டுக்கொள்வார் என்றால் இதைவிட என்ன வேண்டும்! 1970களின் இறுதியில் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இதை விலங்குகளில் சோதித்தன. அமெரிக்காவில் கார்ல் ஆல்விங்கின் குழு வெள்ளெலிகளுக்கு ஆண்டிமனியை லிப்போசோமில் வைத்துக் கொடுத்தது. தனி மருந்தைவிட 700 மடங்குக்கும் மேல் அது வேலை செய்தது.

பிறகு ஆம்போடெரிசினுக்கும் இதே வீடு கட்டினார்கள். இந்த மருந்து நீரில் கரையாது. கொழுப்பில் நன்றாக ஒட்டும். ஆகவே குமிழியின் சுவருக்குள்ளேயே அது செருகிக்கொள்கிறது. ரத்தத்தில் போகும்போது கசிவது மிகக் குறைவு என்பதால் சிறுநீரகம் பிழைக்கிறது. மேக்ரோபேஜ் விழுங்கிய பிறகு, செரிமானப் பைக்குள் குமிழி உடைந்து, ஒட்டுண்ணி இருக்கும் இடத்திலேயே மருந்து வெளிப்படுகிறது. ஆம்பிசோம் என்ற பெயரில் 1990இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த இந்த மருந்துக்கு, 1997இல் அமெரிக்கா கருங்காய்ச்சலுக்கும் சேர்த்து அனுமதி கொடுத்தது.

ஒரே ஒரு நாள்

சிறுநீரகம் தாங்கும் என்றால் அளவைக் கூட்டலாம். கூட்டினால் நாளைக் குறைக்கலாம். எதுவரை குறைக்கலாம்? பீகாரின் முசாபர்பூரில் மருத்துவர் ஷ்யாம் சுந்தர் தலைமையிலான குழு இதற்கு விடை தேடியது. பழைய மருந்தில் ஒரு தடவைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கொடுப்பார்கள். இவர்கள் லிப்போசோம் மருந்தைக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே தடவையில் ஏற்றினார்கள். மொத்தம் 412 நோயாளிகள். 304 பேருக்கு ஒற்றை டோஸ். 108 பேருக்குப் பழைய முறையில் 15 டோஸ். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது ஒற்றை டோஸில் 95.7 சதவீதம் பேரும், பழைய முறையில் 96.3 சதவீதம் பேரும் குணமாகியிருந்தார்கள். 2010இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இந்த முடிவு வெளியானது.

அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை. 30 நாளுக்கும் ஒரு நாளுக்கும் நடுவே இருப்பதுதான் வித்தியாசம். ஒரு மாதக் கூலி அது.

மருந்தின் விலை மட்டும் எட்டாத உயரத்தில் இருந்தது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 மில்லிகிராம் குப்பிகள் பத்து வேண்டும். ஏழை நாடுகளுக்கு விலையைக் குறைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் உற்பத்தியாளரான கிலியட் நிறுவனத்திடம் பேசியது. 2011இல் ஐந்து ஆண்டுகளுக்கு 4,45,000 குப்பிகளை நன்கொடையாகத் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2014இல் ஒற்றை டோஸ் சிகிச்சையை இந்தியா முதல்நிலைச் சிகிச்சையாக ஏற்றது. இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், பெருத்த மண்ணீரல், பட்டையில் இரண்டாவது சிவப்புக் கோடு. இந்த மூன்றும் இருந்தால் உடனே மருந்து.

1992இல் இந்தியாவில் பதிவான நோயாளிகள் 77,102, இறந்தவர்கள் 1,419. 2011இல் நோயாளிகள் 33,187. அண்மை ஆண்டுகளில் அது ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. 2023 அக்டோபரில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இருந்து கருங்காய்ச்சலை ஒழித்த முதல் நாடாக வங்கதேசத்தை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தியாவில் நோய் இப்படிச் சரிந்ததில் நானோ பொருள்களுக்கு மட்டும் புகழ் சேராது. வீடு வீடாகப் போய்க் காய்ச்சல்காரர்களைத் தேடிய ஆஷா சுகாதாரப் பணியாளர்களுக்கும், மண்சுவரில் பூச்சி மருந்து தெளித்தவர்களுக்கும் அதில் சம பங்கு உண்டு.

முகவரி எங்கெல்லாம் பலிக்கிறது?

இந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற நானோ மருந்துகளைப் பார்த்தால், எது ஏன் வென்றது என்பது துலங்கும். 2018இல் அனுமதி பெற்ற பாட்டிசிரான் என்ற மருந்து, ஆர்.என்.ஏ. துணுக்கை ஒரு கொழுப்பு நானோ துகளில் வைத்துச் செலுத்துகிறது. ரத்தத்தில் கலந்ததும் அந்தத் துகளின் மேல் ஒரு புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது. கொலஸ்டிராலைச் சுமக்கும் வழக்கமான துகள் என்று நினைத்துக் கல்லீரல் அதை உள்ளே எடுத்துக்கொள்கிறது. மருந்து தடுக்க வேண்டிய கெட்ட புரதம் உற்பத்தியாவதும் கல்லீரலில்தான். இங்கேயும் உடம்பின் பழக்கமே தபால்காரர். கொரோனாவுக்கு எதிரான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும் இந்த வகைத் துகள்களில் ஏறித்தான் செல்களுக்குள் போயின.

புற்றுநோய்க் கட்டிகளில் கதை இவ்வளவு எளிதாக இல்லை. கட்டியின் ரத்தக் குழாய்கள் ஓட்டையானவை, அவற்றின் வழியே துகள்கள் கசிந்து உள்ளே தேங்கும் என்று பல ஆண்டுகளாக நம்பினார்கள். டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்தாண்டுகளில் வெளியான விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் கணக்கிட்டபோது, செலுத்திய துகள்களில் கட்டியை அடைந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு போய்ச் சேர்வது அதே கல்லீரலிலும் மண்ணீரலிலும். உடம்பின் போக்கோடு போகும்போது கிடைத்த வெற்றி, அதை எதிர்த்துப் போகும்போது எளிதில் கிடைப்பதில்லை.

கருங்காய்ச்சலிலும் எல்லைகள் உண்டு. குணமான பிறகும் எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் ரத்தத்தில் இருக்கும். ஆகவே நோய் திரும்ப வந்திருக்கிறதா என்று இந்தப் பட்டை சொல்லாது. இந்தியாவில் போதுமாக இருந்த ஒற்றை டோஸ் கிழக்கு ஆப்பிரிக்காவில் போதவில்லை. எச்.ஐ.வி.யும் சேர்ந்திருப்பவர்களுக்கு நோய் மீண்டும் மீண்டும் வருகிறது. குப்பியை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. பீகார் வெயிலில் அது சுலபமல்ல. மருந்தைச் சாதாரண சலைனில் கலந்தால் திரிந்துவிடும். குளுக்கோஸில்தான் கலக்க வேண்டும். நானோ பொருள் என்பது அத்தனை நுட்பமான கட்டுமானம்.

அந்த நுட்பத்தின் விலையைத் தமிழ்நாடும் ஒருமுறை உணர்ந்தது. 2021 மே, ஜூன் மாதங்களில் கொரோனாவோடு சேர்ந்து கறுப்புப் பூஞ்சை பரவியபோது, கண்ணும் தாடையும் அழுகத் தொடங்கியவர்களின் குடும்பங்கள் ஊர் ஊராகத் தேடிய மருந்து இதே லிப்போசோம் ஆம்போடெரிசின்தான். ஒரே அளவுக் குமிழிகளை, கிருமியில்லாமல், கசியாமல் கோடிகோடியாகச் செய்வது நினைத்த மாத்திரத்தில் பெருக்கக்கூடிய வேலை அல்ல. தேவை ஒரே வாரத்தில் எகிறியது; உற்பத்தியால் அதே வேகத்தில் எகிற முடியவில்லை.

கடைசி நோயாளிக்கும் ஒரு குப்பி

இப்போது என்னை உறுத்துவது வேறு கேள்வி. 77,102 பேருக்கு நோய் இருந்தபோது எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. ஐந்நூறு, அறுநூறு என்று சுருங்கிய பிறகு, இளம் மருத்துவர் ஒருவர் தன் பணிக்காலத்தில் ஒரு கருங்காய்ச்சல் நோயாளியைக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். காய்ச்சலோடு வந்தவரின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கத் தோன்றாமல் போகலாம். அலமாரியில் இருக்கும் பட்டை காலாவதியாகலாம். வாங்க ஆளில்லாத மருந்தைத் தயாரிக்க யாருக்கும் ஆர்வமில்லாமல் போகலாம். குணமானவர்கள் சிலரின் தோலில் ஒட்டுண்ணி தேமல் போலப் பதுங்கியிருந்து, மணல் ஈ வழியாக ஆண்டுக்கணக்கில் பிறருக்குப் பரவிக்கொண்டிருக்கலாம். 1970களில் பீகாரில் இந்த நோய் மறுபடி தலையெடுத்தது இப்படித்தான். மலேரியாவுக்காக அடித்த டி.டி.டி. நின்றது, எல்லோரும் நோயை மறந்திருந்தார்கள்.

ஃபாரடே ஒளியின் புதிர் புரிய வேண்டும் என்று தங்கத்தைக் கரைத்தார். பாங்கம் செல் சவ்வு எப்படி இருக்கும் என்று அறியக் கொழுப்பை நீரில் கலக்கினார். இருவரும் கருங்காய்ச்சலை நினைத்திருக்க மாட்டார்கள். அவர்களின் இரண்டு கண்டுபிடிப்புகளும் முசாபர்பூரின் ஒரு கட்டிலருகே ஒன்று சேர்ந்ததற்கு, அங்கே படுத்திருப்பவரின் ஒரு மாதக் கூலி முக்கியம் என்று யாரோ சிலர் நினைத்ததுதான் காரணம். அந்த நினைப்பு, கடைசி நோயாளி வந்து சேரும் நாளிலும் இருக்க வேண்டும். அன்று அந்தச் சுகாதார நிலையத்தின் அலமாரியில் காலாவதியாகாத ஒரு பட்டையும், 25 டிகிரிக்குள் பத்துக் குப்பிகளும் இருக்க வேண்டும்.